புகைப்பழக்கம்: இல்லை

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஒரு பிழை பிடித்தேன். இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டு. எழுத்தெல்லாம் எறும்பு அளவு. ‘ஆறு வயதுக்கு மேல்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆறு மாதத்துக்கு மேல்’ என்று இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

எழுந்து போய் மேற்பார்வையாளரிடம் நேரே சொல்லியிருக்கலாம். அவர் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். சிவப்பு மையால் வட்டம் போட்டு, அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். மதியம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “இதை யாருப்பா புடிச்சது?” என்றார். என் காது சூடானதுதான் மிச்சம். பக்கத்து மேசை அக்கா என்னைக் கை காட்ட, நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏதோ பிழையைச் செய்ததே நான் என்பதுபோல.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மருந்துப் பெட்டி அச்சடிக்கும் அச்சகத்தில் எழுத்துப் பார்க்கிற வேலை. எட்டு மாதம் ஆகிறது. காகிதத்தில் இருந்தால் எதையும் கண்டுபிடித்துவிடுவேன். வாயால் சொல்லத்தான் வருவதில்லை.

சாயங்காலம் அண்ணன் வேலைப் பையை வாசலில் என் கையில் திணித்துவிட்டு, குளிக்க ஓடினான். வழக்கம்தான். பைக்குள் மாற்றிய சட்டை பாலிதீன் பையில் சுருட்டி இருக்கும். அதை நான் அலசிக் காயப்போட வேண்டும். அம்மா ஒரு ஓட்டலின் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்கத் துணியோடு கிடப்பவள். ஒரு சட்டையை முகர்ந்தாலே போட்டவன் என்ன சாப்பிட்டான், எங்கே உட்கார்ந்தான் என்று சொல்லிவிடுவாள். சிகரெட் நாற்றம் தெரியாமலா போகும்?

அப்பா நெஞ்சு வியாதியில் போனவர். கடைசி வாரம் வரைக்கும் ஊதிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு அம்மா அண்ணனிடம் கேட்டு வாங்கிய ஒரே சத்தியம் இதுதான். அவன் அதை ஆறு வருடமாக மீறுகிறான். நான் ஆறு வருடமாகச் சட்டை அலசுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

 மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை எட்டு மணி. அண்ணன் வேலைக்குக் கிளம்ப ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் அப்படியே சுவரைப் பிடித்தான். “சுருக்குங்குது,” என்றான். வலது பக்கம், தோளுக்குக் கீழே. வாய்வு என்று அம்மா சுடுதண்ணீர் கொண்டுவரப் போனாள். வருவதற்குள் அவனால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. இரண்டு சொல், ஒரு மூச்சு. இரண்டு சொல், ஒரு மூச்சு.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரல் சுருங்கிவிட்டதாம். இருபத்தாறு வயதுப் பையனுக்கு, ஒரு அடியும் படாமல்! நெஞ்சு ஓரத்தில் துளை போட்டுக் குழாய் விட வேண்டும் என்றார்கள். திரைக்குப் பின்னால் அவன் முனகுவது கேட்டது. திரைக்கு இந்தப் பக்கம் பணி மருத்துவர் என்னிடம் கேள்வி கேட்டுக் கணினியில் ஏற்றினார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. அலர்ஜி உண்டா, ஆஸ்துமா உண்டா, விழுந்தாரா, வீட்டில் யாருக்காவது இப்படி ஆயிற்றா. அம்மா என் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். கடைசியாகக் கேட்டார்: “சிகரெட் பழக்கம்?”

அம்மாவின் விரல்கள் இறுகியதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

“இல்லைங்க,” என்றேன்.

அவ்வளவு தெளிவாக நான் யாரிடமும் பேசியதே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வார்டில் இருக்கிறேன். ஏழாவது கட்டில்.

வார்டின் மூத்த நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்கிறார்கள். நான் குழாயையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, தானாகவே வந்து விளக்கினார். நுரையீரலின் உச்சியில் சிலருக்குச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்குமாம். ஒல்லியாக நெட்டையாக வளர்ந்த பையன்களுக்குத்தான் அதிகம். அதில் ஒன்று உடைந்தால் உள்ளே இருக்கிற காற்று கசிந்து, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே போய்ச் சேரும். அங்கே காற்றுக்கு இடமே கிடையாது. போன காற்று வெளியே வரவும் வழி கிடையாது. அந்தக் காற்று அமுக்க அமுக்க, நுரையீரல் சுருங்கும்.

குழாயின் மறுமுனை தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் முங்கியிருக்கிறது. நெஞ்சில் தேங்கிய காற்று குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று திரும்ப உள்ளே போகாது. அவன் மூச்சு விடும்போதெல்லாம் குழாயில் தண்ணீர் ஏறி இறங்குகிறது. இருமினால் குமிழி குமிழியாக வருகிறது. குமிழி நின்றால் ஓட்டை மூடிவிட்டது என்று அர்த்தம். பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கவே கூடாது.

“ஒட்டடைக்குச்சி, ஒட்டடைக்குச்சின்னு எல்லாரும் கண்ணு வச்சாங்க,” என்றாள் அம்மா. அண்ணனுக்கு வேலை இடத்தில் அதுதான் பெயர். லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் ஸ்டூல் போட்டு ஏறும் இடத்தில் இவன் நின்றபடியே கை நீட்டுவான்.

சிஸ்டர் போன பிறகு, கட்டில் காலில் தொங்கிய ஃபைலைப் புரட்டினேன். பழக்க தோஷம், அச்சடித்த தாளைப் பார்த்தால் கண் தானாகப் பிழை தேடும். மூன்றாவது வரி. புகைப்பழக்கம்: இல்லை.

என் வாயிலிருந்து வந்தது. அச்சில் அவ்வளவு நிஜமாக இருந்தது.

ஜூன் 7, சனி

குமிழி குறைந்திருக்கிறது. எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

மாடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். பச்சைப் புடவை, கையில் ஒரு அட்டை. சிகரெட்டை விட உதவுகிற பிரிவாம். ஃபைலில் புகைப்பழக்கம் என்று குறி இருக்கிற கட்டில்களுக்கு அவரே தேடி வருவார் என்று பெரிய சிஸ்டர் சொன்னார். வந்தார். நேராக ஒன்பதாவது கட்டிலுக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் பேசினார். அந்தப் பெரியவர் முதலில் முறைத்தார், பிறகு சிரித்தார், கடைசியில் அழுதார். திரும்பிப் போகும்போது எங்கள் கட்டிலைத் தாண்டித்தான் போனார். அண்ணனைப் பார்த்து ஒரு புன்னகை. நிற்கவில்லை. ஏன் நிற்பார்?

பெரிய சிஸ்டரிடம், யாருக்கோ கேட்பதுபோல, சிகரெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன்.

“சம்பந்தமா? பிடிக்கிறவங்களுக்கு இது வர்ற வாய்ப்பே பல மடங்கும்மா. திரும்ப வர்றதும் அப்படித்தான். ஒரு தடவை வந்தவங்கள்ல மூணு பேர்ல ஒருத்தருக்கு மறுபடி வருது, அதுவும் முக்கால்வாசி முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள. நம்ம கையில இருக்கிற ஒரே தடுப்பு அதை விடறதுதான். உங்க அண்ணனுக்கு அந்தக் கவலை இல்லை பாருங்க.”

நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே! அவர் முன்னால் நின்றுகொண்டு, ‘சிஸ்டர், நான் தப்பாச் சொல்லிட்டேன்’ என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா அப்போது பக்கத்தில்கூட இல்லை, சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். பிறகு என்ன பயம்? பொய் சொன்னவள் என்று அவர் என்னைப் பார்ப்பார், அந்தப் பார்வைக்குப் பயம். அண்ணனின் நுரையீரலை விட என் முகம் பெரிதாகப் போய்விட்டது.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அண்ணனுக்கு இந்த மாதிரித் தாளெல்லாம் எரிச்சல். மருத்துவமனைச் சீட்டை நான்தான் படித்துச் சொன்னேன். இரண்டு வாரத்தில் மறு எக்ஸ்ரே. ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது. மருத்துவர் சொல்லும்வரை விமானத்தில் போகக் கூடாது. கடலுக்கடியில் நீந்துகிற வேலை இனி எப்போதும் கூடாது. திடீரென்று நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் வர வேண்டும்.

“பிளேன்ல போகக் கூடாது, கடலுக்கடியில போகக் கூடாது,” என்றான் அண்ணன். “நான் போறதே மொட்டை மாடிக்கும் லிஃப்ட் குழிக்கும்தான். எங்கிட்ட போயி...” அம்மா வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

அவள் அடுக்களைக்குப் போனதும் அவன் மெதுவாகக் கேட்டான். “சிகரெட்டைப் பத்தி ஒண்ணும் போடலையா?”

“போடல,” என்றேன்.

உண்மைதான். போடவில்லை. போட விடாமல் செய்தவள் நான் என்பதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், “அன்னிக்கு டாக்டர் கேட்டது எனக்குக் கேட்டுச்சு. உள்ள உயிர் போற வலி, அதை விட நீ என்ன சொல்லப்போறியோன்னு பயம். நீதாண்டி என்னைக் காப்பாத்தினே பட்டதாரி,” என்று என் தலையில் கை வைத்தான்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

ஜூன் 24, செவ்வாய்

மறு எக்ஸ்ரே. நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது. ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் மருத்துவர். அம்மா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்றேன்.

எனக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும் போலிருக்கிறது.

ஜூலை 2, புதன்

சட்டை. பாலிதீன் பைக்குள் சுருட்டி. ஒரு மாதம்கூட ஆகவில்லை; கனம் தூக்காத வேலைக்குத் திரும்பியதே போன வாரம்தான்.

தெரு முனையில் அவனுக்காகக் காத்திருந்தேன். சிஸ்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். பல மடங்கு, மூன்று பேரில் ஒருவர், எல்லாம். என் குரல் உயர்ந்ததோ என்னவோ, பழக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் என்னைச் சுவரோரம் இழுத்தான். பிறகு, “அப்பவே ஏன் சொல்லல?” என்றான். 

ஒரு நாளைக்குப் பத்து பிடித்தவன் இப்போது இரண்டுதானாம். அதையும் விட்டுவிடுவானாம். முயற்சி செய்தானாம், மூன்றாம் நாள் ஸ்க்ரூடிரைவர் கையில் நிற்கவில்லையாம், கூட வேலை செய்பவரை அடிக்கப் போய்விட்டானாம். மாடியில் இருக்கும் அந்த அம்மாவிடம் போகலாம், மருந்து மாத்திரைகூடக் கொடுக்கிறார்கள் என்றேன்.

“ஃபைல்ல இல்லைன்னு இருக்கே. இப்ப போயி ஆமான்னா, உன்னைத்தானே கேப்பாங்க? படிச்ச பொண்ணு இப்படிப் பொய் சொல்லிச்சான்னு. வேணாம் விடு. நானே பாத்துக்கறேன்.”

என்னைக் காப்பாற்றுகிறானாம். அவனை நான் காப்பாற்றியதற்கு.

“அம்மாகிட்டயாவது சொல்லிடலாமே.”

“அதுக்கு என் இன்னொரு நுரையீரலையும் எடுத்துக்கோ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தோம். சட்டையை நான் அலசினேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று சட்டையில் நாற்றம் இல்லை. முகர்ந்து பார்த்தேன், அம்மாவைப் போலவே.

ஜூலை 19, சனி

இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

அச்சகத்தில் எனக்குச் சம்பளத்தோடு பாராட்டுக் கடிதம். ஆறு மாதமாக நான் பார்த்த எந்தத் தாளும் பிழையோடு வெளியே போகவில்லையாம். அம்மா அந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் காட்டினாள். நான் சட்டை அலசப் போனேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மறுபடியும். அதே வலது பக்கம்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு இதையும் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஒன்பது மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் லிஃப்ட் இயந்திர அறை. அண்ணன் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பிரேக் பழுது, அதனால் லிஃப்டை அவனே நிறுத்தி வைத்திருந்தான். பதினொரு மணிக்கு வெளியே வந்து ஒரு சிகரெட். பாதியில் வலி. என்ன வலி என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்பதும் தெரியும், நான் படித்துக் காட்டியிருந்தேன்.

அவன் செய்த முதல் காரியம், தண்ணீர்த் தொட்டிக் குழாயில் வாய் கொப்பளித்தது. இரண்டாவது, சட்டை மாற்றியது. மருத்துவமனைக்கு அம்மா வருவாள் அல்லவா. கை தூக்க முடியாமல் ஒரு சட்டையைக் கழற்றி இன்னொன்றைப் போட எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. போன் தரைத்தளத்தில் வைத்த பெரிய கருவிப் பெட்டியில். லிஃப்ட் ஓடாது. படி இறங்கினான். மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தவனைக் காவலாளி பார்த்தபோது உதடு நீலமாக இருந்ததாம். பொத்தான்கள் எல்லாம் தப்புத் தப்பாகப் போட்டிருந்தனவாம்.

இதெல்லாம் காவலாளியும் அண்ணனும் சொன்னது. அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னான், அம்மா பில் கவுண்டருக்குப் போனபோது. வாய் கொப்பளித்ததைச் சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. எனக்கு... எனக்கு என்ன இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவன் வாய் கொப்பளித்த அந்தக் குழாயை, ‘இல்லைங்க’ என்று சொல்லி நான்தானே திறந்துவிட்டேன். ஜூன் மாதமே.

மறுபடி குழாய், மறுபடி பாட்டில். இந்த முறை குமிழி விடாமல் வருகிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அறுவைச் சிகிச்சை நிபுணர் வந்தார். நரைத்த புருவம், அவசரமே இல்லாத மனிதர். இரண்டாவது தடவை என்பதால் அறுவைச் சிகிச்சை நல்லது என்றார். சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டு, கொப்புளங்கள் இருக்கிற உச்சியை வெட்டி எடுத்துத் தைத்துவிடுவார்கள். பிறகு நெஞ்சுச் சுவரின் உள் தோலை உரசிவிடுவார்கள். அது ஆறும்போது நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், சுருங்கி விழ இடமே இருக்காது. அதன் பிறகு திரும்ப வருவது நூற்றில் சில பேருக்குத்தான்.

பிறகு ஃபைலைப் புரட்டினார். “புகைப்பழக்கம் இல்லைன்னு போட்டிருக்கு. மயக்க மருந்து கொடுக்கணும், அதுக்காகத் திரும்பக் கேக்கறேன். சரிதானே?”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா எனக்கு முன்னால், “எங்க வீட்ல அது கிடையவே கிடையாதுங்க. எம் பையன் சத்தியம் பண்ணிக் கொடுத்தவன்,” என்றாள். என்ன பெருமையாகச் சொன்னாள் தெரியுமா. கழுத்தை நிமிர்த்தி.

 நிபுணர் பேனாவை மூடிப் பைக்குள் வைக்கப் போனார்.

“பிடிப்பான் டாக்டர்.”

யார் பேசியது என்று திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கே.

“ஆறு வருஷமா. முன்னாடி பத்து, இப்ப ரெண்டு மூணு. நேத்து வலி வந்தப்பவும் பிடிச்சிட்டுத்தான் இருந்தான். ஜூன்ல கேட்டாங்க, நான்தான் இல்லைன்னு சொன்னேன். அவன் சொல்லல. நான் சொன்னேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவை மறுபடி திறந்தார், பழைய வரியை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே எழுதினார், ஓரத்தில் சின்னக் கையெழுத்து. நாங்கள் அச்சகத்தில் செய்கிற மாதிரியே. “இப்பவாவது சொன்னீங்களே. மயக்க மருந்து டாக்டருக்கு இது தெரிஞ்சே ஆகணும்,” என்றார். அவ்வளவுதான்.

அம்மா என்னையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. கட்டில் விளிம்பில் இருந்த போர்வையை இஸ்திரி போடுவதுபோல உள்ளங்கையால் நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள். நிபுணர் போன பிறகு கேட்டாள்.

“ஆறு வருஷமா?”

“ஆமாம்மா.”

“நீ படிச்சவடி.”

 இதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 23, சனி

அம்மா என்னோடு பேசவில்லை. அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துத் தாளைக் கொடுத்தார்கள். எப்போதும் என்னிடம்தான் நீட்டுவாள். இன்று மடித்து எடுத்துக்கொண்டு கீழே மருந்துக்கடைக்குப் போய், அங்கே இருந்த பெண்ணிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தாள். நான் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். நல்ல பெண்.

அண்ணன் கேட்டான், “அம்மா என்ன சொன்னாங்க?”

“உன்னை ஒண்ணும் சொல்லல.”

“அப்ப எல்லாம் உனக்குத்தான்.” சிரித்தான். சிரிப்புக்குப் பாட்டிலில் கடகடவென்று குமிழி. பெரிய சிஸ்டர் தூரத்திலிருந்து கையை ஆட்டி அதட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னான்: “நேத்து நீ சொன்னப்ப, இந்தக் குழாயைப் பிடுங்கினாப்புல வலிச்சுது. அப்புறம்தான் மூச்சு விட்டேன்.”

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனான். பன்னிரண்டேகாலுக்கு நல்லபடியாக முடிந்தது என்றார்கள். நடுவில் அம்மாவும் நானும் ஒரே பெஞ்சின் இரு முனைகளில். நடுவே மூன்று பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

மாடி அம்மா வந்தார். கட்டில் நம்பர் பார்த்து, எங்கள் கட்டிலின் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஜூன்லயும் இங்கதானே இருந்தீங்க? அப்ப உங்களை விட்டுட்டேன் போல,” என்றார். அவர்மீது ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். வாயால்தான் சொன்னேன்.

எப்போது தோன்றுகிறது, காலையிலா, சாப்பிட்ட பிறகா, கோபத்திலா என்று அண்ணனிடம் கேட்டார். மெல்லுகிற மாத்திரை கொடுத்தார். ஒரு கட்டம் போட்ட தாளும் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். வீட்டில் ஒருவர் தினமும் கேட்டு எழுத வேண்டும். எத்தனை பிடித்தாரோ அந்த எண். பூஜ்யம் என்றால் பூஜ்யம். “பொய்யான பூஜ்யம் மட்டும் வேணாம். அது எனக்கு உதவாது, அவருக்கும் உதவாது,” என்றார்.

அதுவரை சுவரைப் பார்த்திருந்த அம்மா திரும்பினாள்.

“எனக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவேன்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்?” எங்கள் இருவரையும் பார்த்துத்தான் கேட்டாள். “உங்கப்பா ரத்தமா இருமினதை நான்தான் ஏந்தினேன். செத்ததையும் நான்தான் முதல்ல பாத்தேன். அன்னிக்கே ஒடையல.”

அந்தத் தாளைத் தானே வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வீடு. மருத்துவமனைச் சீட்டை மருந்துக்கடைப் பெண் படித்தாள்.

செப்டம்பர் 11, வியாழன்

கட்டத்தாள் அடுக்களைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. அம்மா பென்சிலை என்னிடம் தரவில்லை, அண்ணனே எழுதுகிறான். எல்லாம் பூஜ்யம். காலையில் அம்மா சட்டையை முகர்வதில்லை. வேண்டுமென்றே முகர்வதில்லை என்று தெரிகிறது. கூடையில் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

என்னோடு இப்போது பேசுகிறாள். ‘சோப்பு தீர்ந்து போச்சு’, ‘கதவைச் சாத்து’, அந்த அளவு. அச்சகத்தில் ஒரு பிழை பிடித்தேன், நேரே எழுந்து போய் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். குரல் நடுங்கியது. அவர் கவனிக்கவில்லை, பிழையைத்தான் கவனித்தார். வீட்டில் சொல்லலாம் என்று வந்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இதில் எழுதுகிறேன்.

அவன் திரும்ப வேலைக்குப் போவது இருபத்திரண்டாம் தேதி. எனக்கு அந்தத் தேதிதான் பயம். மொட்டை மாடியும் இயந்திர அறையும் அங்கேயேதான் இருக்கின்றன.

செப்டம்பர் 26, வெள்ளி

அண்ணன் ஆறரைக்கு வந்தான். வாசலில் நான் நின்றிருந்தேன். பையை என்னிடம் நீட்டவில்லை. நேராக அடுக்களை வாசலுக்குப் போய் நின்றான். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா. இன்னிக்கு ஒண்ணு பிடிச்சிட்டேன்.”

கத்தி நின்றது. ஜூன் மாதம் அம்மா பிடித்த என் முழங்கை வலித்தது, நிஜமாகவே. குறுக்கே விழுந்து ஏதாவது சொல்லத் தோன்றியது: ஒன்றுதானே, முப்பது நாளில் ஒன்றுதானே, வேலைக்குப் போன முதல் வாரம்தானே. உதட்டைக் கடித்துக்கொண்டேன். இது அவர்கள் இருவருக்கும் நடுவில்.

அம்மா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல.”

“மூச்சு?”

“நல்லா இருக்கு.”

“நாளைக்கு அந்த மாடி அம்மாவைப் போய்ப் பாத்துட்டு வேலைக்குப் போ. சட்டையைக் கழட்டி வாளியில போட்டுட்டுச் சாப்பிட வா.”

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே நடந்தான். விலாவில் மூன்று சின்னத் தழும்புகள், இன்னும் சிவப்பாக. வாளியில் போட்டுத் தண்ணீர் பிடித்து, அவனே அலசினான்.

கதவில் இன்றைய கட்டம் காலியாக இருந்தது. அவன் கை ஈரம். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்து, கதவில் தொங்கிய பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“நீ எழுது. உள்ளதை எழுது.”

எழுதினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். பக்கத்தில் வந்து நின்று, நான் தாளிலிருந்து பென்சிலை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காய் நறுக்கப் போனாள்.